28 பேர வெச்சு ஒரு ஊரா? சாம்ப்ளேன் கியூபெக்ல நிலைச்சு நின்ன கதை

கேள்வி இதுதான்: "1608-ல சாமுவேல் டி சாம்ப்ளேன்ங்கற பிரெஞ்சுக்காரர் வெறும் 28 பேரோட கனடாவுல கியூபெக் நகரத்தை உருவாக்கினார்னு படிச்சேன். சுத்திலும் உள்ளூர் மக்கள் ஆயிரக்கணக்குல இருந்திருப்பாங்களே, அவங்க ஏன் விட்டாங்க? அடிச்சு விரட்டியிருக்கலாமே?"

ரொம்ப சரியான கேள்வி. சாம்ப்ளேனைப் பத்தி எழுதுறவங்க நிறைய பேர் அவரோட துணிச்சல், அவர் போட்ட மேப், அவர் கட்டின கோட்டைன்னு எழுதிட்டுப் போயிடறாங்க, இந்தக் கேள்விய தொடறதே இல்ல. நேரடியா பதில் சொல்லணும்னா, அவங்க விட்டாங்க ஏன்னா அதுக்கு 5 வருஷம் முன்னாடியே பேசி ஒத்துக்கிட்டாங்க. கியூபெக்கோட தொடக்கத்த 1608-ல தேடக்கூடாது, 1603 மே 27-ல தேடணும்ங்கறது என்னோட கருத்து. அத விளக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

சாம்ப்ளேன் பிரான்ஸோட மேற்குக் கடற்கரைல பிரூவாஜ்ங்கற ஊர்க்காரர், உப்பு வியாபாரத்துல பேர் வாங்கின துறைமுகம் அது. அப்பா கப்பல் ஓட்டினவர். லா ரொஷேல்ல ஒரு புராட்டஸ்டன்ட் கோயில்ல 1574 ஆகஸ்ட்ல ஞானஸ்நானம் நடந்த பதிவு ஒண்ணு 2012-ல கிடைச்சுது, அவரோடதா இருக்கும்னு நினைக்கிறாங்க. பிரான்ஸ்ல கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டிருந்த காலம் அது, அவர் நாலாவது ஹென்றி ராஜாவோட படைல பிரிட்டனி பக்கம் வேலை பார்த்தார். அக்கம்பக்கத்துக்காரங்களே மதத்துக்காக கொன்னுக்கிட்டத பார்த்து வளர்ந்த ஆள்ங்கறத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி அவர் நடந்துக்கிட்ட விதத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் நம்பறேன்.

அவருக்கு முன்னாடியே பிரெஞ்சுக்காரங்க கனடாவுக்குப் போயிட்டாங்க. 1535-ல ழாக் கார்த்தியே செயின்ட் லாரன்ஸ் ஆத்துல ஏறி வந்தப்ப, இப்ப கியூபெக் இருக்கிற இடத்துலயே ஸ்டாடகோனான்னு ஒரு ஊர் இருந்துச்சு, தொன்னகோனான்னு ஒரு தலைவர் இருந்தார். அந்தக் குளிர்காலத்துல கார்த்தியேவோட ஆளுங்க ஸ்கர்வி வந்து வரிசையா செத்தாங்க, பல் ஈறு அழுகி, கால் வீங்கி. அந்த ஊர் மக்கள்தான் ஒரு மரத்தோட பட்டையும் இலையும் போட்டு கஷாயம் வெச்சு குடிக்கச் சொல்லிக் காப்பாத்தினாங்க. அதுக்கு கார்த்தியே செஞ்ச கைம்மாறு என்னன்னா, 1536 வசந்தத்துல தொன்னகோனாவையும் சேர்த்து 10 பேர கப்பல்ல ஏத்தி பிரான்ஸுக்குக் கொண்டு போயிட்டார், ஒருத்தர் கூட ஊர் திரும்பல. 1541-ல அவர் மறுபடி வந்து பக்கத்துலயே குடியேற்றம் போட்டப்ப யாரும் நம்பல, ரெண்டு வருஷத்துல எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் 60 வருஷம் போல அங்க நிரந்தரமா ஒரு பிரெஞ்சு வீடு கூட நிலைக்கல. 1600-ல அதே ஆத்தங்கரைல தாதுசாக்ங்கற இடத்துல 16 பேர குளிர்காலத்துக்கு விட்டுட்டுப் போனாங்க, அதுல 5 பேர்தான் பிழைச்சாங்க, அதுவும் உள்ளூர் மக்கள் தங்களோட கூடாரத்துல சேர்த்துக்கிட்டதால.

ஆக, துப்பாக்கியும் கோட்டையும் மட்டும் வெச்சுக்கிட்டு அந்த நாட்டுல ஒரு குளிர்காலத்த தாண்ட முடியாதுங்கறது ஏற்கனவே தெரிஞ்சுபோன விஷயம்.

இப்ப 1603-க்கு வரேன். கிராவே டு பான்ங்கற அனுபவசாலி வியாபாரியோட கப்பல்ல சாம்ப்ளேன் முதல் தடவை கனடா வரார், பதவி எதுவும் இல்ல, பார்த்துட்டு வந்து சொல்லற வேலைதான். அதே கப்பல்ல தாதுசாக் பக்கத்து உள்ளூர் மக்களான இன்னு இனத்த சேர்ந்த ரெண்டு பேரும் திரும்பி வராங்க, முன்னாடி பிரான்ஸுக்குப் போய் ராஜாவையே பார்த்தவங்க. தாதுசாக் பக்கத்துல கரைல பெரிய கூட்டம், இன்னு மக்களோட தலைவர் அனடபிஜு விருந்து வெச்சுக்கிட்டிருக்கார், 80லேர்ந்து 100 பேர் உக்காந்திருக்காங்க. திரும்பி வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுந்து பேசறார்: பிரான்ஸ் ராஜா நம்ம மண்ணுல அவரோட ஆட்கள குடியேத்த ஆசைப்படறார், நம்ம எதிரிங்களான இரோகுவாக்களோட சமாதானம் பண்ணி வைப்பார், இல்லன்னா படை அனுப்பி நமக்கு உதவுவார்னு. அனடபிஜு அமைதியா புகையிலை குழாய இழுத்து, கிராவேவுக்கும் சாம்ப்ளேனுக்கும் குடுத்து, அப்புறம் நிதானமா பேசறார். அப்படிப்பட்ட ராஜா நட்பா கிடைச்சதுல சந்தோஷம், அவங்க ஆட்கள் இங்க வந்து குடியிருக்கட்டும், எங்க எதிரிங்களோட சண்டை போடட்டும்ங்கறார். கூட்டம் சம்மதம்னு குரல் குடுக்குது.

அவ்வளவுதான் ஒப்பந்தம். காகிதம் இல்ல, முத்திரை இல்ல. ஆனா ரெண்டு பக்கமும் என்ன குடுக்கணும் என்ன வாங்கணும்னு தெளிவா இருந்துச்சு, இடம் நாங்க தரோம், சண்டைல நீங்க கூட வாங்க. பின்னாடி நடந்த எல்லாமே இதுலேர்ந்துதான் கிளம்புது.

இன்னு மக்களுக்கு இதுல என்ன லாபம்னு கேட்டா, பீவர் தோல். ஐரோப்பாவுல அப்ப தொப்பிதான் பெரிய ஃபேஷன், நல்ல தொப்பிக்கு பீவர் ரோமம் வேணும். அந்த மிருகத்தோட உள்ரோமத்துல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன கொக்கி மாதிரி இருக்கும், அமுக்கினா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெட்டியான ஃபெல்ட் ஆகிடும், மழைல நனைஞ்சாலும் வடிவம் மாறாது. அதுலயும் உள்ளூர் மக்கள் ஒண்ணு ரெண்டு வருஷம் உடுத்திப் பழசாக்கின தோலுக்குத்தான் மதிப்பு அதிகம், ஏன்னா உடம்புல உரசி உரசி மேல இருக்கிற முரட்டு முடி உதிர்ந்து, உள்ரோமம் மட்டும் மென்மையா நிக்கும். அதுக்கு பதிலா இரும்புக் கோடாலி, கத்தி, செம்புப் பானை, துணி கிடைச்சுது. இந்த வியாபாரத்துக்கு தாதுசாக்தான் வாசல், அந்த வாசல் இன்னு மக்கள் கைல. பிரெஞ்சுக்காரங்க பக்கத்துல இருந்தா அவங்களுக்கு பலம்தான்.

அதே வருஷம் சாம்ப்ளேன் ஆத்துல மேல இப்ப மாண்ட்ரியல் இருக்கிற இடம் வரைக்கும் போய், அங்க இருக்கிற பெரிய அருவிப் பாய்ச்சல பார்க்கறார். பிரெஞ்சு படகு அத தாண்டாது, பிர்ச் மரப்பட்டைல செஞ்ச கனூ தாண்டும், பாதை மோசமானா தலைல தூக்கிட்டே நடந்துடலாம். இந்த நாட்டுக்குள்ள போகணும்னா இவங்க படகுல, இவங்க வழில, இவங்க கூடத்தான் போக முடியும்னு அவருக்கு அங்கயே புரிஞ்சுடுச்சு. ஏரிகள் எங்க இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் என்னன்னு கேட்டு, அவங்க சொன்னத வரைஞ்சுக்கிட்டு வந்தார். காது குடுத்துக் கேக்கற பழக்கம்தான் அவரோட பெரிய திறமை, துப்பாக்கி சுடறத விட.

அடுத்த வருஷமே கியூபெக் வந்துடலங்கறதும் முக்கியம். பியர் டுகுவா டி மோன்ஸ்னு ஒரு புராட்டஸ்டன்ட் பிரபு, ராஜாகிட்ட தோல் வியாபாரத்துக்கு ஏகபோக உரிமை வாங்கினவர், 1604-ல ஆட்களக் கூட்டிக்கிட்டு அட்லாண்டிக் கடற்கரைப் பக்கம் போனார், சாம்ப்ளேனும் கூட. செயின்ட் குரோயின்னு ஒரு சின்னத் தீவு, இப்ப அமெரிக்கா கனடா எல்லைல இருக்கு, அங்க தங்கினாங்க. பாதுகாப்பா இருக்கும்னு தீவ தேர்ந்தெடுத்தாங்க, ஆனா குளிர் வந்ததும் ஆத்துல பனிப்பாளம் மிதக்க ஆரம்பிச்சு கரைக்கே போக முடியல, நல்ல தண்ணி இல்ல, விறகு இல்ல, ஆப்பிள் மது உறைஞ்சுபோய் எடை போட்டு குடுத்தாங்க. 79 பேர்ல 35 பேர் ஸ்கர்வில செத்தாங்க. கார்த்தியே எழுதி வெச்சிருந்த அந்த மருந்து மரத்த சாம்ப்ளேன் தேடினார், கிடைக்கல, ஏன்னா அந்த வைத்தியம் தெரிஞ்ச ஸ்டாடகோனா மக்கள் அதுக்குள்ள அந்தப் பகுதிலயே இல்ல. எனக்கு இந்தக் கதைல மனச ரொம்பப் பிசையற இடம் இதுதான். 70 வருஷம் முன்னாடி சும்மா கிடைச்ச மருந்து, சொல்லித் தர ஆள் இல்லாம போய், நூத்துக்கணக்கான வருஷத்துக்கு மரம் மட்டும் அங்கயே நிக்குது.

அப்புறம் அதே கடற்கரைப் பக்கம் போர்ட் ரோயால்ங்கற இடத்துக்கு மாறினாங்க. அங்க உள்ளூர் மக்களான மிக்மாக்குகளோட தலைவர் மெம்பெர்தூ நல்லா ஒத்துழைச்சார், வாழ்க்கை பரவாயில்லாம இருந்துச்சு, குளிர்காலத்துல சோர்வு வராம இருக்க சாம்ப்ளேன் முறை போட்டு விருந்து வைக்கற ஒரு ஏற்பாட்ட கொண்டு வந்தார், தினம் ஒருத்தர் வேட்டையாடி சமைச்சுப் போடணும், மிக்மாக் ஆட்களும் அதே மேசைல உக்காந்து சாப்பிட்டாங்க. ஆனா 1606-ல இன்னும் தெற்கே, இப்ப அமெரிக்காவுல இருக்கிற கேப் காட் பக்கம் போனப்ப நேர்மாறா நடந்துச்சு, யாரோடயும் சரியா பேசி முடிக்காம கரைல தங்கினாங்க, தூங்கிட்டிருந்தவங்க மேல விடியற்காலைல அம்பு பாய்ஞ்சுது, சில பேர் செத்தாங்க, பிரெஞ்சுக்காரங்களும் அடுத்து வஞ்சகமா பழிவாங்கினாங்க. உங்க கேள்வில "அடிச்சு விரட்டியிருக்கலாமே"ன்னு கேட்டீங்கல்ல, பேச்சு இல்லாத இடத்துல அது நடந்தே இருக்கு.

1608 ஜூலை 3. டி மோன்ஸோட ஏகபோக உரிமை ரத்தாகி, கெஞ்சி இன்னும் ஒரே ஒரு வருஷம் வாங்கின நிலைமைல, சாம்ப்ளேன் கியூபெக் வந்து இறங்கறார். ஆறு குறுகற இடம்னு அர்த்தம் வர அல்கோன்கியன்ங்கற உள்ளூர் மொழிக் குடும்பத்து வார்த்தைதான் அந்தப் பேரு. ரெண்டு மாடி வெச்ச கட்டடம் மூணு, சுத்தி அகழி, பண்டகசாலை. வேலை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே துவாலுங்கற பூட்டுத் தொழிலாளி ஒருத்தர் தலைமைல அவரக் கொன்னுட்டு இடத்த வெளிஆட்களுக்கு வித்துடலாம்னு சதி. ஒருத்தர் வந்து சொல்லிட்டார். துவால தூக்குல போட்டு தலைய ஈட்டில குத்தி உயரத்துல வெச்சாங்க. ஆக, அந்த முதல் வருஷத்துல அவரோட உயிருக்கு ஆபத்து வந்தது உள்ளூர் மக்கள்கிட்டேர்ந்து இல்ல, கூட வந்த பிரெஞ்சுக்காரங்ககிட்டேர்ந்துதான்.

28 பேர் குளிர்காலத்துக்கு தங்கினாங்க. வசந்தம் வந்தப்ப உயிரோட இருந்தது 8 பேர். இன்னு மக்களுக்கும் அந்த வருஷம் பட்டினி, பிப்ரவரில ஒரு கூட்டம் ஆத்துல உடைஞ்ச பனிக்கு நடுவுல உயிரப் பிடிச்சுக்கிட்டு கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்தாங்க, சாம்ப்ளேன் இருந்த ரொட்டியும் பீன்ஸும் குடுத்தார், போதல. யோசிச்சுப் பாருங்க, 8 பேர், அதுலயும் பாதி நோயாளி, ஒரு ராத்திரில முடிச்சிருக்கலாம். யாரும் கை வைக்கல. அதுக்கு அந்த 1603 பேச்ச தவிர வேற காரணம் எனக்குத் தெரியல.

இப்ப அவர் பங்க குடுக்க வேண்டிய நேரம். 1609 கோடைல இன்னு வீரர்களும் அவங்க கூட்டாளிங்களான அல்கோன்கின், வெண்டாட் வீரர்களும் வந்து வாக்க ஞாபகப்படுத்தறாங்க. வெண்டாட்ங்கறது பிரெஞ்சுக்காரங்க ஹூரோன்னு கூப்பிட்ட மக்கள். கடைசில 60 வீரர்கள், சாம்ப்ளேன், இன்னும் 2 பிரெஞ்சுக்காரங்க மட்டும் கனூல தெற்கே போறாங்க, ஒரு பெரிய ஏரி வருது, அதுக்குத் தன் பேரையே வெச்சுக்கிட்டார், இன்னிக்கும் அதுதான் பேரு. ஜூலை 29 ராத்திரி, இரோகுவாக்கள்ல ஒரு பிரிவான மோஹாக் வீரர்கள் சுமார் 200 பேர எதிர்ல பார்க்கறாங்க. ரெண்டு பக்கமும் தூது பேசி, விடிஞ்சதும் சண்டைன்னு முடிவு பண்ணி, ராத்திரி முழுக்க பாட்டும் ஏச்சும். காலைல வரிசை ரெண்டா பிரியுது, நடுவுல சாம்ப்ளேன் இரும்புக் கவசத்தோட முன்னாடி நடந்து வரார். துப்பாக்கில 4 குண்டு போட்டிருந்தார். ஒரே வெடில ரெண்டு தலைவர்கள் அங்கயே விழுந்தாங்க, இன்னொருத்தருக்கு காயம். அம்பு துளைக்காத மரக்கவசம் போட்டிருந்தவங்க, அது உதவல. பக்கவாட்டுல மரத்துக்குப் பின்னாடிலேர்ந்து இன்னொரு துப்பாக்கி வெடிச்சதும் ஓட்டம்தான். அன்னிக்கு ராத்திரி பிடிபட்ட கைதிய சித்திரவதை பண்ணத சாம்ப்ளேன் எதிர்த்தார், கடைசில அந்த ஆளோட வேதனைய முடிக்க தானே சுட்டார்.

இந்த ஒரு குண்டுதான் இரோகுவாக்கள 100 வருஷத்துக்கு மேல பிரெஞ்சு எதிரியாக்கிடுச்சுன்னு நிறைய இடத்துல எழுதியிருப்பாங்க. அத நான் ஒத்துக்கல. அந்தச் சண்டை அவருக்கு முன்னாடியே நடந்துக்கிட்டிருந்துச்சு, அவர் ஒரு பக்கம் சேர்ந்தார். 1624-ல மோஹாக்குகளோட சமாதானமும் ஆச்சு, அது சில வருஷத்துல உடைஞ்சது வேற விஷயம். அதே 1624 வாக்குல டச்சுக்காரங்க ஹட்சன் ஆத்துல புதுக் கோட்டை போட்டு, மோஹாக்குகளுக்கு சரக்கு விக்கறது நிலைச்சதுக்கு பின்னாடிதான் தோலுக்கான போட்டி ரொம்ப முத்திச்சு. ஆனா பக்கம் சேர்றதுக்கு ஒரு விலை இருக்கு, அந்த விலைய அவர் செத்த பிறகு அவரோட நண்பர்கள்தான் குடுத்தாங்க, அதுக்கு வரேன்.

1610-ல இன்னொரு சண்டை, கழுத்துல அம்பு பட்டுது. அதே வருஷம் அவர் செஞ்ச ஒரு வேலை சண்டைய விட முக்கியம்னு நினைக்கிறேன்: ஒரு பிரெஞ்சுப் பையன அல்கோன்கின் தலைவர் இரோகே கூட வாழ அனுப்பிட்டு, பதிலுக்கு சாவிஞோன்ங்கற வெண்டாட் இளைஞர பாரிஸுக்குக் கூட்டிட்டுப் போனார், அடுத்த வருஷம் பத்திரமா கொண்டு வந்து விட்டார். தொன்னகோனா கதையோட சேர்த்துப் பாருங்க. கூட்டிட்டுப் போன ஆள திருப்பிக் கொண்டு வந்தார்ங்கறது அந்த ஊர்ல எவ்வளவு பெரிய சேதியா இருந்திருக்கும்! அந்த மாதிரி கலந்து வாழ்ந்த பசங்கதான் பின்னாடி மொழிபெயர்ப்பாளர் ஆனாங்க, எத்தியேன் புரூலே அதுல பேர் பெற்றவர்.

அவரோட சொந்த வாழ்க்கைல எனக்கு ஒப்பாத விஷயம் உண்டு. 1610 டிசம்பர்ல அவர் கல்யாணம் பண்ண எலென் பூலேவுக்கு வயசு 12. ரெண்டு வருஷம் சேர்ந்து வாழக்கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருந்துச்சு, அந்தக் காலத்துல நடந்த வழக்கம்தான், சீதனப் பணம் அவரோட பயணங்களுக்கு உதவிச்சு. அந்தப் பொண்ணு 1620-ல கியூபெக் வந்து 4 வருஷம் இருந்துட்டு பிரான்ஸ் போயிட்டாங்க, திரும்ப வரல, அவர் செத்த பிறகு கன்னியாஸ்திரி ஆகிட்டாங்க.

1615-ல வெண்டாட் நாட்டுக்கே போனார். ஒட்டாவா ஆறு, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்சு ஆறு வழியா ஹூரோன் ஏரி, அதுக்கு நன்னீர்க்கடல்னு பேர் வெச்சார். அங்கேர்ந்து இரோகுவா கோட்டை மேல படையெடுப்பு, அது தோல்வி, முழங்கால்ல அம்பு பட்டு நடக்க முடியாம ஒருத்தர் முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. கியூபெக் கொண்டு போய் விடுங்கன்னு கேட்டார், அவங்க விடல, அதனால குளிர்காலம் முழுக்க அவங்க ஊர்லயே இருந்தார். ஒருநாள் ஒரு விசித்திரப் பறவைய பின்தொடர்ந்து காட்டுல வழி தவறி மூணு நாள் திரிஞ்சார், கண்டுபிடிச்சதும் இனி தனியா விட மாட்டோம்னு தலைவர் சொல்லிட்டார். அந்தக் குளிர்காலத்துலதான் சோளம் விதைக்கறது, நீள வீடு, கல்யாணம், சாவுச் சடங்குன்னு எல்லாத்தையும் எழுதி வெச்சார், அவங்களுக்கு மதமே இல்லன்னு அவர் எழுதினது தப்பு, ஆனா மத்தது இன்னிக்கும் ஆய்வாளர்களுக்கு உதவுது.

இதுக்கு அப்புறம் அவர் பெரிசா பயணம் போகல. அட்லாண்டிக்க 20 தடவைக்கு மேல தாண்டினவர், அதுல பாதி பாரிஸ்ல கெஞ்சறதுக்குத்தான். வியாபாரிகளுக்கு தோல் போதும், குடியானவன் வேண்டாம். 1617-ல லூயி எபேர்ங்கற மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோட வந்து மண்ண கொத்தினதுதான் முதல் விவசாயக் குடும்பம். 20 வருஷம் கழிச்சும் அந்த ஊர்ல 100 பேர் அளவுக்குத்தான் இருந்தாங்க. 1627-ல பிரான்ஸ் ராஜாவோட முதன்மை மந்திரி கார்டினல் ரிஷ்லியூ நூறு பங்காளிகள் கம்பெனின்னு ஒண்ணு ஆரம்பிச்சு ஆட்களும் சாமானும் அனுப்பினார், கிர்க் சகோதரர்கள் இங்கிலாந்துக்காக வந்து அந்தக் கப்பல்கள 1628-ல பிடிச்சுட்டாங்க. கியூபெக்ல பட்டாணியும் காட்டுக்கிழங்கும் தின்னு ஒரு வருஷம் ஓட்டி, 1629 ஜூலைல சரணடைஞ்சார். அப்ப அவர் வளர்த்துக்கிட்டிருந்த இன்னு பொண்ணுங்கள்ல ரெண்டு பேர பிரான்ஸ் கூட்டிட்டுப் போக ஆசைப்பட்டார், கிர்க் விடல. கொடுமை என்னன்னா, ஐரோப்பாவுல இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த அந்தப் போர் ஏப்ரல்லயே முடிஞ்சுபோச்சு. அத வெச்சு வாதாடித்தான் 1632 ஒப்பந்தத்துல ஊர் திரும்பக் கிடைச்சுது. பின்னாடி 1763 பாரிஸ் ஒப்பந்தத்துல பிரான்ஸ் கனடாவ நிரந்தரமா இழந்துச்சு, அதே ஒப்பந்தத்துலதான் நம்ம பாண்டிச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பிச்சு.

1633-ல திரும்பி வந்த சாம்ப்ளேன், 1635 அக்டோபர்ல பக்கவாதம் வந்து, கிறிஸ்துமஸ் அன்னிக்கு இறந்தார். அவர புதைச்ச தேவாலயம் 1640-ல எரிஞ்சுபோச்சு, கல்லறை எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. நீங்க பாடப்புத்தகத்துல பார்க்கற அவரோட முகமும் அவரோடது இல்ல, இன்னொரு பிரெஞ்சு அதிகாரியோட ஓவியத்த வெச்சு 19-ஆம் நூற்றாண்டுல பண்ணது. நிஜமா மிஞ்சினது 1609 சண்டைய அவர் வெளியிட்ட படத்துல இருக்கிற ஒரு சின்ன உருவம்தான்.

அவரோட நண்பர்கள் கதை அத விட சோகம். 1634லேர்ந்து கொள்ளைநோய், கடைசில பெரியம்மை, 6 வருஷத்துல வெண்டாட் மக்கள்ல பாதிப் பேர் போயிட்டாங்க. 1649-ல டச்சுத் துப்பாக்கியோட வந்த இரோகுவாக்கள் அவங்க ஊர்கள எரிச்சாங்க. கிறிஸ்தவனானவங்களுக்குத்தான் துப்பாக்கின்னு பிரெஞ்சுக்காரங்க கட்டுப்பாடு போட்டிருந்ததால இவங்ககிட்ட சரியான எண்ணிக்கைல துப்பாக்கி கூட இல்ல. தப்பிச்சவங்கள்ல சில பேர் கியூபெக் பக்கம் வந்து குடியேறினாங்க, அவங்க வம்சம் இன்னிக்கும் கியூபெக் நகரத்த ஒட்டி வெண்டாக்கேங்கற ஊர்ல இருக்காங்க.

அந்த அழிவுக்கு முன்னாடி, 1636 கோடைல வழக்கம்போல வியாபாரத்துக்கு கனூல வந்த வெண்டாட் மக்கள், தோலோட சேர்த்து இன்னொண்ணும் கொண்டு வந்தாங்க. சாம்ப்ளேன் இறந்த துக்கத்துக்கு ஆறுதல் பரிசு. ஒருத்தர் இறந்தா அவங்களுக்குள்ள எப்படி செய்வாங்களோ, அதே முறைல பிரெஞ்சுக்காரங்களுக்கும் செஞ்சாங்க.